வேலைய விட்டுறவான்னு கேட்ட மாப்ளைக்கு

மாப்ள,

"மாமா, ஐடி வேலைய விட்டுட்டு ஊர்ல சின்ன டிராக்டர் ரெடி பண்ற பட்டறை போட்டுறவா"ன்னு ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் போட்டுட்டு நீ தூங்கிட்ட, எனக்குத்தான் தூக்கம் போச்சு. ரெண்டு வரில சொல்ற விசயமில்ல, அதான் உக்காந்து எழுதுறேன், அம்மாட்ட இப்போதைக்கு மூச்சு விடாத.

அலங்காநல்லூர் தோப்புல சின்ன டிராக்டர ஆசைக்கு ரெடி பண்ண ஞாயித்துக்கெழம கூடுறோம்ல ஆறேழு பேரு, நீ பாத்தப்ப எல்லாருமே கைலியும் கிரீஸ் கையுமா ஒரே மாதிரி தெரிஞ்சிருப்போம். ஆனா ஒருத்தன் ஸ்பானர எடுத்தாலே எங்க வேலை பாக்குறவன்னு தெரிஞ்சு போகும். ஈபி லைன்மேன் அண்ணே பேட்டரி வயர கழட்டாம வண்டில கை வைக்க மாட்டாரு, 12 வோல்ட்டுதானண்ணே என்ன செஞ்சுறப் போகுதுன்னா மொறைப்பாரு. கூட்டுறவு பேங்க்ல இருந்து ரிட்டயர்டான சாரு ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி கவர்ல போட்டு மேல தேதி எழுதி வைப்பாரு, அவரு மாட்டுன வண்டில ஒரு வாசர் மிச்சம் விழுந்து நான் பாத்ததில்ல. டிப்போ மெக்கானிக் அண்ணனுக்கு இந்தக் கவரு கிவரெல்லாம் எரிச்சல், விடியக்காலைல பஸ்ஸு வெளிய போயாகணும்ங்கிற அவசரத்துலயே 30 வருசம் ஓட்டுனவரு, இன்ஜின் சத்தத்த காத வச்சுக் கேட்டே, டீசல் தெளிக்கிற நாசில்ல கோளாறுன்னு கண்டுபுடிச்சு "மூணாவது நாசில்"னுவாரு. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்.

நான் டர்னர், லேத்துல இரும்பு கடையுறவன், வெர்னியர் வச்சு அளக்காம எதையும் நம்புனதில்ல. நம்ம சக்தி மினி டிராக்டரோட முன் ஆக்சில் சென்டர் பின்ன கழட்டி, அது உக்கார்ற வளையம் இருக்குல்ல, அந்த புஷ்ஷ அளந்தேன்ல, ஒரு பக்கம் வச்சதுக்கும் திருப்பி வச்சதுக்கும் அரை எம்எம் வித்தியாசம், முட்டை மாதிரி தேஞ்சிருந்துச்சு. கடைல ரெடிமேடு புஷ் கெடைக்குந்தான். நான் கன்மெட்டல்ங்கிற வெண்கலத் துண்டு ஒன்ன எடுத்து, கே.புதூர் பட்டறைல எல்லாரும் போனப்புறம் கடைஞ்சு, உள்ள கிரீஸுக்கு காடி போட்டு மாட்டுனேன். 25 வருசமா பம்பு ஷாப்ட்டு கடையுறேன், பூராம் எவனோ குடுத்த டிராயிங்கு. இந்த ஒத்த புஷ் மட்டுந்தான் எனக்காகக் கடைஞ்சது. நீ பட்டறைன்னு சொல்றப்ப இந்த சுகத்த மனசுல வச்சுத்தான் சொல்றன்னு எனக்குத் தெரியும்.

பழைய சின்ன டிராக்டர ரெடி பண்றான்னு நீ அனுப்புன அமெரிக்கா வீடியோவும் பாத்தேன். 1963ல வந்த ஜான் டீர் 110, அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் விட்ட கப் கேடட், ரெண்டுக்குமே கோலர் கம்பெனி ஒத்த சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 7 எச்பி. அழகாத்தான் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான். ஆனா அது வீட்டச் சுத்தி புல்லு வெட்டவும் பனி தள்ளவும் செஞ்ச வண்டிடா. அத ரெடி பண்ணக் குடுத்தவன் ஆறு மாசங்கூட காத்திருப்பான். நமக்கு புல்லு வெட்ட ஆடு இருக்கு. இங்க 18.5 எச்பி சக்தி வாங்குறவன் தென்னைக்கும் திராட்சைக்கும் நடுவுல விட்டு உழுகத்தான் வாங்குறான், அது நின்னா அவனுக்கு பொழப்பு நிக்கும்.

நம்ம செட்டுல ஒருத்தன் மட்டும் அத தொழிலாவே ஆக்குனான், மேலூர் பக்கம் பட்டறை போட்டவன். அந்தப் பக்கம் ஒருபோகம், அணையில தண்ணி இருந்தா செப்டம்பர் வாக்குல பெரியாறு கால்வாய்ல தொறப்பாங்க, தொறந்துட்டா தொழி உழவு, அதான் சேத்து உழவு, முடியிற வரைக்கும் பயலுக்கு தூக்கம் கெடையாது, கேஜ்வீல்ங்கிற இரும்புச் சக்கரம் மாட்டி சேத்துல எறக்கி கிளச் கருக வச்சுட்டு ராத்திரில வந்து கதவத் தட்டுவாங்க, காசு கேட்டா அறுப்புக்கு அப்புறம்பாங்க. மிச்ச மாசம் பூராம் பைக்கும் மோட்டாரும்தான். அவன் ஆசையா வாங்குன சொந்த வண்டி வேப்பமரத்தடில நிக்குது, போன தடவ போனப்ப சீட்டுல கோழி அடை படுத்துருந்துச்சு. ஆனா திரும்ப சம்பளத்துக்குப் போறியாடான்னா மாட்டேங்குறான், அதையும் ஒங்கிட்ட மறைக்கக் கூடாதுல்ல.

ஒனக்குத் தொழில் வராதுன்னு சொல்லல. தீபாவளிக்கு வந்தப்ப வண்டி பத்து நிமிசம் ஓடி நின்னு நின்னு போச்சே, கைப்பம்ப அடிச்சா திரும்ப ஓடும், திரும்ப நிக்கும். டிப்போ அண்ணே நாசில்னாரு, நான் பில்டர்னேன், கழட்டி மாட்டி ரெண்டு மணி நேரம் வீணாப் போச்சு. நீ ஸ்பானரே எடுக்கல. ஒரு நேரத்துல ஒன்னத்தான் மாத்தணும் மாமான்னு சொல்லி டீசல் டேங்கு மூடிய மட்டும் கழட்டி வச்சுட்டு ஓட்டச் சொன்ன, ஒரு மணி நேரம் நிக்காம ஓடுச்சு. மூடில இருக்க காத்து ஓட்டைய மண்ணு அடைச்சிருக்கு, டீசல் எறங்க எறங்க உள்ள காத்து போகாம இழுத்துப் பிடிச்சிருக்கு, அம்புட்டுத்தான். அண்ணே ஒன்னும் பேசல, சைக்கிள்ல போய் ஒனக்கு பருத்திப்பால் வாங்கிட்டு வந்தாரு. அவரு யாருக்கும் வாங்கித் தந்து நான் பாத்ததே இல்ல. அந்தப் புத்தி நீ வைற ஐடி வேலைல வந்ததுதானடா.

அதனால இப்ப ரிசைன் லெட்டர் அடிக்காத. இந்த வருசம் தண்ணி தொறக்குற தேதி வந்ததும் சொல்றேன், மூணு வாரம் லீவு போட்டுட்டு மேலூர்ல அவன் பட்டறைலயே போய்ப் படு, நான் பேசி வைக்கிறேன். சம்பளம் தரமாட்டான், சோறு போடுவான். ராத்திரி ரெண்டு மணிக்கு சேறு அப்புன வண்டிக்கு அடில படுத்துக் கிளச் கழட்டி, காச அறுப்புக்குத் தரேன்னு சொல்றத நீயே காதால கேட்டுட்டு வா, அப்புறம் ஒங்கம்மாட்ட நானே பேசுறேன்.

வரும்போது 35-52-7 சைஸ் ஆயில் சீல் நல்லதா ரெண்டு வாங்கிட்டு வா, இங்க வாங்குனது ஒரே மாசத்துல கசியுது.

மாமா