அம்மாவின் மூக்கும் பன்னீர்த் திராட்சை வைனும்

மார்த்தாண்டம்

அன்புள்ள ராஜா,

சுகம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை. இத்தனை நாள் எழுதாததற்கு உன் திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது அம்மா விஷயம்.

காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அம்மாவுக்கு மணமே தெரியவில்லை. கிறிஸ்துமஸ் வைன் போடுகிற நேரம் வேறு. அம்மா எப்படிப் போடுவாள் என்று உனக்குத் தெரியும். பரணி ஜாடியின் வாய்த்துணியை அவிழ்த்து, மரக்கரண்டியால் ஒரு கிளறு, குனிந்து ஒருமுறை மோந்து பார்ப்பாள், அவ்வளவுதான். இந்தத் தடவை வெகுநேரம் குனிந்தே இருந்தாள். "ஒண்ணும் மணக்கல்லியே மக்கா" என்றாள். என் சின்னவள் வந்து மோந்துவிட்டு, "நெயில் பாலிஷ் மணக்குது" என்றாள். சரியாகச் சொன்னாள். காற்றுப் பட்டு வைன் கெடத் தொடங்கும்போது எழும் எத்தில் அசிடேட் என்ற ரசாயனம் அது. நெயில் பாலிஷிலும் அதுதான். முன்பென்றால் அம்மா அதை முதல் நாளே பிடித்திருப்பாள்.

அன்றிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். வைனில் நாக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் இனிப்பும் புளிப்பும் கசப்பும், அப்புறம் துவர்ப்பு. மற்றதெல்லாம் விழுங்கும்போது தொண்டைக்குப் பின்னால் மூக்கேறும் ஆவி. பன்னீர்த் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். அதன் பூமணம் ஜெரானியோல், லினலூல் போன்ற மணப்பொருள்களால் வருகிறது. நாம் போடும் கிராம்பில் உள்ள யூஜெனால், வெளிநாட்டில் ஓக் பீப்பாயிலிருந்தும் வைனில் இறங்குகிறதாம். ஷிராஸ் என்ற திராட்சையின் வைனில் மிளகு மணம் தருவது ரோட்டண்டோன் என்று ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்து 2008இல் வெளியிட்டார்கள். நம் மிளகிலும் அதே பொருள்தான். சோதித்துப் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது மணக்கவே இல்லை! மனிதருக்கு மணம் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை. அவை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இந்த ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் ஆக்சலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004இல் நோபல் கொடுத்தார்கள்.

வைன் போனால் போகட்டும். அடுப்பில் காஸ் கசிந்தால் அம்மாவுக்குத் தெரியாது, ராஜா. நாங்கள் வேலைக்குப் போனால் வீட்டில் அவள் தனி. ராத்திரி இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

மூக்கின் மண நரம்புகள் மறுபடி முளைக்கக்கூடியவை, பயிற்சி கொடுங்கள் என்றார் டாக்டர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் மோந்து பார்க்கவேண்டும். ஜெர்மனியில் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை, 12 வாரம். மாறாமலைக் கிராம்பு ஒரு சின்னக் குப்பியில், தோவாளையிலிருந்து ரோஜா. போன வாரம் கிராம்பை மோந்ததும் "ஏதோ சுள்ளுன்னு இருக்கு" என்று அம்மா சிரித்தாள். அந்தச் சுள்ளைச் சொல்வது முகத்தில் எரிச்சலையும் குளிர்ச்சியையும் உணரும் ட்ரைஜெமினல் என்ற வேறு நரம்பு, மணம் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல மனசு வரவில்லை. ரோஜாவில் அந்த எரிச்சல் கிடையாது. அது தெரிந்தால்தான் மூக்கு திரும்புகிறது என்று நம்புவேன். இன்னும் தெரியவில்லை.

நீ குன்னூரில்தானே இருக்கிறாய்? கிறிஸ்துமஸுக்கு வரும்போது கலப்படமில்லாத யூகலிப்டஸ் தைலம் ஒரு குப்பி வாங்கி வா. இங்கே கிடைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. "சாளைப்புட்டிக்காரன் எப்போ வருவான்" என்று அம்மா உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். டிக்கெட் போட்டதும் எந்த ரயில் என்று எழுது.

அன்புடன்,
ஜெபா