கேக் வேண்டாம், ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரள எல்லையில், குமுளிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்வருகிறவன் நான். பிறந்தநாள், கல்யாண நாள், தலைவர் பிறந்தநாள் என்று எதையாவது சொல்லிக் கம்பத்திலிருந்தும் கட்டப்பனையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பிரியாணிப் பொட்டலம், கேக், நாலு போட்டோ, அப்புறம் வண்டி கிளம்பிவிடும். பிள்ளைகளுக்கும் பழகிப்போச்சு, "இன்னிக்கு சிக்கனா, குஸ்காவா?" என்பதோடு சரி. கொடுக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தப் போட்டோ முகம் தெரியப் பத்திரிகையில் வருகிறதே, உங்கள் பத்திரிகையிலும்தான், அது எப்படி? இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளமோ படமோ வெளியே வரக்கூடாது என்பதற்காகத்தான் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ஆவது பிரிவு இருக்கிறது.

சோறு அங்கே கிடைக்கிறது. தன்னைப் பார்க்கவென்றே ஒருத்தர் வருவதுதான் கிடையாது. வண்டிப்பெரியாறு, பீர்மேடு எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளைகள். அப்பா திருப்பூர் போனவர் போனவர்தான், அம்மா ஏலத்தோட்டத்தில். தமிழ் மீடியத்தில் படித்ததால் மலையாளம் காதுக்குப் புரியும், மனசில் இருப்பதைச் சொல்ல வாய்க்கு வராது. சொந்த ஊர் எது என்று அதிகாரி கேட்டால் இடுக்கி என்பதா, தேனி என்பதா என்று முழிக்கிறார்கள்.

இவர்களுக்கு வேண்டியது ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். மாதம் இரண்டு தடவை, ஒரு வருஷமாவது, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற ஆள். எதிரில் உட்கார வைத்து "உனக்கு என்னப்பா பிரச்சினை?" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. நான் பார்க்கும் பையன் ரொம்ப நாளைக்கு "ம்", "சாப்ட்டேன்" இரண்டைத் தவிர எதுவும் பேசவில்லை. கேரம் போர்டில் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டே, தலையை நிமிராமல், "அண்ணே, பதினெட்டு முடிஞ்சா இங்கேருந்து அனுப்பிருவாங்களாமே?" என்று ஒருநாள் கேட்டான். பேச்சு அங்கேதான் தொடங்கியது.

நியாயமான பயம்தான். 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, பின்பராமரிப்பு உண்டு, அதாவது இல்லத்தை விட்டுப் போன பிறகும் உதவி தொடரும் என்று விதி இருக்கிறது. ஆனால் அதை அவனுக்கு எடுத்துச் சொல்லி, கூடவே போய் மனு கொடுத்து, பேங்க் கணக்கு திறக்க வைக்க யாராவது வேண்டாமா? இல்லாவிட்டால் யாரோ ஒரு புரோக்கர் வந்து வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போவான்.

இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் எட்டிப் பார்க்கவில்லை என்றால், போய்ப் பார்த்துப் பழக ஒரு வெளி ஆளை நியமிக்க 1989ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்திலேயே வழி செய்திருக்கிறார்கள். சம்பளம் இல்லை, செலவுக்காசு மட்டும். இங்கேயும் இடுக்கி, தேனி இரண்டு மாவட்டத்து அரசுக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளும் சேர்ந்து தமிழ் பேசுகிற ஆட்களின் பட்டியல் ஒன்று தயாரித்தால் என்ன?

அதற்காக வருகிறவர்களையெல்லாம் உள்ளே விட்டுவிடக் கூடாது. போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம், பயிற்சி கட்டாயம். தனியறை கூடாது, பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது. முக்கியமாக, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கவே கூடாது. பாலியல் கொடுமை என்று தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், போக்சோ சட்டம் 19ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. உயிரை விடுவது போலப் பேசினால் நாமே டாக்டர் ஆகிவிடாமல் இல்லப் பொறுப்பாளரிடம் உடனே சொல்ல வேண்டும், மனநல உதவி எண் 14416க்குப் போன் போட வேண்டும்.

இன்னொன்று. மூன்று மாதம் வந்து அன்பைக் கொட்டிவிட்டு, "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்று நின்றுவிடுகிறவர்கள் தயவுசெய்து வரவே வேண்டாம். ஏற்கெனவே விட்டுப்போனவர்களைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். கேக்காவது ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

கேக் வெட்டும் படத்துக்கு ஒதுக்குகிற இடத்தில் இந்த வேலைக்கு ஆள் தேவை என்று நாலு வரி போடுங்கள். கம்பம், கூடலூர்ப் பக்கம் ரிட்டயர்டு வாத்தியார்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் கண்ணில் படட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குமுளி