நம்ம மண்டபத்துல படம் போடுற செயற்குழுவுக்கு: அந்தக் கடைசி அரை மணி நேரத்தையும் போடுங்க

வணக்கம் தலைவர் அண்ணே, செயலாளர் அக்கா, செயற்குழுவுல இருக்கிற மத்த எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் மண்டபத்துல 'ஏ.ஐ. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' படம் போட்டீங்க, அதுக்கு முதல்ல மனசார நன்றி. மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல, ஊர் சனத்தோட ஒண்ணா உக்காந்து பெரிய திரையில இப்படி ஒரு படம் பாக்குற வாய்ப்பு எங்க கிடைக்குது, எல்லாரும் ஆளாளுக்கு போன்ல தனித்தனியா பாத்துட்டு படுக்கப் போற காலம் இது. ஆனா படத்த கடலுக்கு அடியிலயே நிறுத்திட்டு லைட்ட போட்டுட்டீங்க. 11 மணிக்கு மண்டபத்த பூட்டணும், கதையும் அதோட முடிஞ்ச மாதிரிதான்னு மைக்ல சொன்னீங்க. அதுக்கப்புறம் வாட்சப் குழுவுல, சனங்களுக்கு இந்த மாதிரி படம் ஒத்து வரல, சில பேர் சிரிச்சாங்க, சில பேர் எழுந்து போய்ட்டாங்க, இனிமே தமிழ்ப்படம் மட்டும்தான்னு போட்டிருக்கீங்க. அந்த முடிவ மாத்துங்கன்னு கேக்கத்தான் இத எழுதுறேன். கதை அங்க முடியல. சனங்களுக்கு ஒத்து வரலங்கிறதும் உண்மை இல்ல, நான் பின் வரிசையில உக்காந்து படத்த பாத்ததோட சனங்களையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

அன்னைக்கு வராதவங்களுக்கு கதைய சுருக்கமா சொல்லிடுறேன். மோனிக்கா, ஹென்றினு ஒரு புருஷன் பொண்டாட்டி, அவங்க சொந்த மகன் மார்ட்டினுக்கு தீராத வியாதி, உறைய வச்சு படுக்க வச்சிருக்காங்க. ஹென்றி வேல செய்ற கம்பெனி ஒரு ரோபோ பிள்ளைய செஞ்சிருக்கு, பேரு டேவிட், அத வீட்டுக்குக் கொண்டாறாரு. சில வார்த்தைகள வரிசையா சொல்லிட்டா போதும், அந்தப் பிள்ள சொன்னவங்கள அம்மாவா நெனச்சு பாசம் வச்சுக்கும், அத மாத்தவே முடியாது, வேணாம்னா கம்பெனிக்கே அனுப்பி அழிச்சிடணும். மோனிக்கா ரொம்ப யோசிச்சு அந்த வார்த்தைய சொல்லிடுறா. அப்புறம் பாத்தா மார்ட்டின் பொழச்சு வீட்டுக்கு வந்துடுறான், ரெண்டு பிள்ளைக்கும் ஒத்துப் போகல, கடைசியில மோனிக்கா டேவிட்ட காட்டுல இறக்கி விட்டுட்டு காடிய எடுத்துட்டுப் போய்டுறா. நிஜ பையனா மாறினா அம்மா ஏத்துக்குவாங்கன்னு நம்பி, பினோக்கியோ கதையில கேட்ட, மரப்பொம்மைய நிஜ பையனா மாத்துற நீல தேவதைய தேடி அவன் அலையுறதுதான் மீதி படம்.

சிரிச்சாங்கன்னு சொல்றீங்கல்ல, எங்க சிரிச்சாங்கன்னு பாருங்க. சாப்பாட்டு மேசையில மார்ட்டினுக்குப் போட்டியா டேவிட் கீரைய அள்ளி அள்ளி வாயில திணிக்கிறானே, அங்க நம்ம தாமான் குடியிருப்பு பசங்க கெக்கெக்கேன்னு சிரிச்சானுங்க, ரஜினி ரோபோ மாதிரி ஃபைட்டு வரும்னு வந்த பசங்க அவனுங்க. அடுத்த நிமிஷம் அவன் முகம் ஒரு பக்கமா தொங்கிப் போயிடும், வயித்த தொறந்து ரிப்பேர் பண்ணுவாங்க, மோனிக்கா பக்கத்துல நின்னு கைய புடிச்சுக்கிட்டிருப்பா, அவன் வலிக்கலம்மான்னு சொல்லுவான். அதோட சிரிப்பு நின்னு போச்சு. அதுக்கப்புறம் அந்த வரிசையில ஒருத்தனும் வாயத் தொறக்கல.

காட்டு சீனுக்கு அம்மாமாருங்க பக்கம் ஒரே சத்தம். "இவல்லாம் ஒரு தாயா, வெளங்குவாளா"ன்னு ஒரு அக்கா திட்ட, பக்கத்துல இருந்தவங்க, "கம்பெனிக்கு கொண்டு போனா ஒடச்சுப் போட்டுடுவான், அதனாலதான் விட்டுட்டுப் போறா, அழுவுறா பாரு"ன்னு மோனிக்காவுக்கு பரிஞ்சு பேச, படம் ஓடும்போதே பெரிய வாக்குவாதம். அந்த அக்காங்கல்லாம் சின்ன வயசுல விடிகாலையில ஆயாக் கொட்டகையில தூங்கத் தூங்க விடப்பட்டு வளந்தவங்க, அம்மா ரப்பர் பால் வெட்டப் போய் மத்தியானம் திரும்பி வர்ற வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தவங்க. அவங்களுக்கா இந்தப் படம் ஒத்து வரல?

பழைய ரோபோவ எல்லாம் கூண்டுல அடைச்சு, சனங்க முன்னாடி ஆசிட் ஊத்தியும் பீரங்கியில வச்சு சுட்டும் அழிக்கிற அந்தத் திருவிழா சீன்ல, முன்னாடி தோட்டத்துல ரப்பர் பால் வெட்டிக்கிட்டிருந்த ஒரு பெரியவரு, "வேலைக்கு ஆகலன்னா இதான்டா"ன்னு சத்தமா சொன்னாரு. தோட்டத்த வித்து வீடமைப்புக்கு குடுத்தப்போ தொழிலாளிங்க குடியிருந்த லயத்து வீட்ட காலி பண்ணச் சொல்லி பேப்பர் வாங்கின ஆளு அவரு. தோட்டத் துண்டாடல்னா, அதாவது தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டுப் போறதுன்னா என்னன்னு இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், அதுல இருந்து நம்ம சனங்கள காப்பாத்தணும்னுதான் அப்ப மந்திரியா இருந்த நம்ம ஊரு துன் சம்பந்தன் 1960-ல நில நிதிக் கூட்டுறவுச் சங்கமே ஆரம்பிச்சாரு. அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்து, உபயோகம் முடிஞ்ச ரோபோவ தூக்கிப் போடுற கதை சனங்களுக்குப் புரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க. அதே சீன்ல இன்னொண்ணும் கவனிங்க. டேவிட் என்னைய எரிக்காதீங்கன்னு கெஞ்சும்போது அதுவரைக்கும் கை தட்டிக்கிட்டிருந்த கூட்டமே மாறி, நிகழ்ச்சி நடத்துறவன் மேலயே கையில கிடைச்சத தூக்கி அடிக்குது. நம்ம மண்டபத்துலயும் அந்த இடத்துல தானா கை தட்டு வந்துச்சு, யாரும் சொல்லிக் குடுக்கல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீங்க நிறுத்தின இடம், டேவிட் கடலுக்கு அடியில நீல தேவதை சிலைக்கு முன்னாடி மாட்டிக்கிட்டு, என்னைய நிஜ பையனா மாத்துங்கன்னு வேண்டிக்கிட்டே இருக்கிற இடம். அதோட படம் முடிஞ்சிருக்கணும்னு நீங்க மட்டும் சொல்லல, 2001 ஜூன் 29 அமெரிக்காவுல வெளியான நாள்ல இருந்து உலகம் பூரா எத்தனையோ பேரு இதையே சொல்லிக்கிட்டிருக்காங்க. அங்க தியேட்டர விட்டு வெளிய வர்ற சனங்ககிட்ட மார்க்கு கேட்டு வாங்குற சினிமாஸ்கோர்ங்கிற அமைப்புல இந்தப் படத்துக்கு கிடைச்சது சி பிளஸ்தான், இத எடுத்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் மாதிரி பெரிய டைரக்டர் படத்துக்கு அது ரொம்ப கம்மி. குடும்பத்தோட பாக்குற பொம்மைப் படம்னு வந்தவங்களுக்கு இது தாங்கல. வசூல்லயும் அமெரிக்காவுல 8 கோடி டாலர் கூட தாண்டல, ஆனா மத்த நாடுகள்ல அதப்போல ரெண்டு மடங்கு வந்துச்சு, ஜப்பான்காரங்க கூட்டம் கூட்டமா போய் பாத்தாங்க. அதனால முதல் நாள் சனங்க முகத்த சுளிச்சாங்கன்னு ஒரு படத்த தள்ளி வைக்க வேண்டியதில்ல.

முடிவு பிடிக்காதவங்க எல்லாரும் பழிய தூக்கி ஸ்பீல்பெர்க் தலையில போட்டாங்க. இது முதல்ல ஸ்டான்லி குப்ரிக்னு இன்னொரு பெரிய டைரக்டர் எடுக்க நெனச்ச படம், பிரையன் ஆல்டிஸ் 1969-ல எழுதின ஒரு சிறுகதைய கையில வச்சுக்கிட்டு பல வருஷம் யோசிச்சுக்கிட்டே இருந்தாரு, இந்தப் பிள்ளையா நடிக்க நிஜ ரோபோவே செய்ய முடியுமான்னு கூட பாத்தாரு, கடைசியில நீதான் இதுக்கு சரின்னு ஸ்பீல்பெர்க்கிட்ட குடுத்தாரு, 1999-ல இறந்துட்டாரு. குப்ரிக் இருந்திருந்தா கடல்லயே முடிச்சிருப்பாரு, இவருதான் மனசு கேக்காம சக்கரைய கொட்டிட்டாருன்னு பேசினாங்க. உண்மை நேர் எதிரு. அந்தக் கடைசி 20 நிமிஷம் குப்ரிக்கோட யோசனைதான்னு ஸ்பீல்பெர்க்கும் சொல்லியிருக்காரு, குப்ரிக்கோட உக்காந்து கதை எழுதின இயன் வாட்சனும் சொல்லியிருக்காரு. அதாவது நம்ம மண்டபத்துல வெட்டுப்பட்டது அத்தன வருஷம் யோசிச்ச மனுஷனோட முடிவு. பந்தியில உக்கார வச்சு எல்லாத்தையும் பரிமாறிட்டு பாயாசத்துக்கு முன்னாடி இலைய எடுத்த மாதிரி ஆயிருச்சு அண்ணே.

வீட்டுக்குப் போய் போன்ல மிச்சத்த பாத்த பசங்க மாமாக் கடையில தே தாரே டீ குடிச்சுக்கிட்டு, கடைசியில ஏலியன் வருதுடா, செம போர்னு பேசிக்கிட்டிருந்தானுங்க. அது ஏலியன் இல்லப்பா. மனுஷங்க எல்லாம் அழிஞ்சு 2000 வருஷம் கழிச்சு, ரோபோவே ரோபோவ செஞ்சு செஞ்சு அப்படி ஒல்லியா உயரமா வந்து நிக்குதுங்க. அவங்களுக்கு டேவிட் முக்கியம், ஏன்னா நிஜ மனுஷங்கள நேர்ல பாத்து பழகின ரோபோ அவன் ஒருத்தன்தான் மிச்சம். இந்த ஒரு விஷயம் மாறிப் போனா முடிவே மாறிப் போயிடுது, அமெரிக்காவுலயும் ஏராளமான பேரு இதே மாதிரிதான் ஏலியன்னு நெனச்சு கடுப்பாயிட்டாங்க. படத்துக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் மைக்ல எடுத்துச் சொன்னா போதும்.

காலம் போகப் போக நிறைய பேரு இந்தப் படத்துக்கே திரும்பி வந்தாங்க. ரோஜர் ஈபர்ட்னு அமெரிக்காவுல பெரிய விமர்சகர், முதல்ல குறையோட எழுதினவரு, 2011-ல தன்னோட மாபெரும் படங்கள் வரிசையில சேத்தாரு. 2016-ல பிபிசி உலக விமர்சகர்கள கேட்டு இந்த நூற்றாண்டோட சிறந்த 100 படம்னு போட்ட பட்டியல்ல இது 83-ஆவது இடத்துல இருக்கு.

இதெல்லாம் விடுங்க, எனக்கு பெரிய காரணம் வேற. அன்னைக்கு முன் வரிசை ஓரத்துல உக்காந்திருந்த பாட்டிய உங்க எல்லாருக்கும் தெரியும், பேரு போடல. பொறப்பால சீனவங்க, கைக்குழந்தையா இருக்கும்போதே தோட்டத்துல ஒரு தமிழ் குடும்பம் வாங்கி வளத்துச்சு, அந்தக் காலத்துல பொம்பள பிள்ளைய வச்சு காப்பாத்த முடியாத சீன குடும்பங்க எத்தனையோ இடத்துல நம்மாளுங்ககிட்ட குடுத்திருக்காங்க, மலேசியா பூரா அப்படி வளந்த சீன முகத்து அம்மாமாருங்க இருக்காங்க, பேச்சு, பொட்டு, சேலை, தீமிதி எல்லாமே தமிழ்தான். பேரன் மலாய் சப்டைட்டில படிச்சு காதுல சொல்லிக்கிட்டே வந்தான். மார்ட்டின் பொழச்சு வீட்டுக்கு வந்ததும் பாட்டி, "சொந்த பிள்ள வந்துருச்சு, இனிமே இவன் பாடு கஷ்டம்"ன்னு சொன்னாங்க, அப்ப படத்துல இன்னும் எந்த சண்டையும் வரல. லைட்டு போட்டு எல்லாரும் நாற்காலிய மடக்கிக்கிட்டிருக்கும்போது பாட்டி மட்டும் எழுந்திரிக்கல, "அப்பறம் அவன் அம்மாவ பாத்தானா இல்லியா?"ன்னு பேரன கேட்டாங்க. அவனுக்குத் தெரியல. பக்கத்துல நின்ன எனக்குத் தெரியும், ஆனா வாயால சொல்லிட்டா அது பாத்ததா ஆகுமா, அடுத்த தடவ போடுவாங்க பாட்டின்னு சொல்லிட்டேன்.

பாத்தான் பாட்டி. மார்ட்டின் பேச்ச கேட்டு ராத்திரி அம்மா தலமுடிய ஒரு கொத்து வெட்டி, அதுக்காக திட்டு வாங்கினானே, அந்த முடிய அவனோட கரடி பொம்மை டெடி இத்தன காலமா பத்திரமா வச்சிருந்துச்சு. அத வச்சு மோனிக்காவ ஒரே ஒரு நாளைக்கு மட்டும் திரும்ப கொண்டாற முடியுது, ராத்திரி தூங்கினா போச்சு, அதுக்கப்புறம் எப்பவும் வர மாட்டா. அந்த ஒரு நாள்ல புருஷனும் இல்ல, மார்ட்டினும் இல்ல, வீட்டுல அவங்க ரெண்டு பேர் மட்டும். பொறந்தநாளே இல்லாத பிள்ளைக்கு கேக்கு செஞ்சு மெழுகுவத்தி ஏத்துறாங்க, தூங்கவே தெரியாத பிள்ள கடைசியில அம்மா பக்கத்துல படுத்து கண்ண மூடுது. ஹேலி ஜோயல் ஆஸ்மண்ட்னு அந்த சின்ன பையன் நடிச்சிருக்கிற நடிப்பு இருக்கே, கண்ண சிமிட்டாமயே நடிச்சிருப்பான், அதனால அந்தக் கண்ணு மூடுறப்போ என்ன ஆகும்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அது சந்தோஷ முடிவுன்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தெரியல. அந்த அம்மா நிஜ அம்மாவா, இல்ல அவன் ஆசைக்காக செஞ்சு குடுத்த அம்மாவா, அன்பு நிஜமா இருக்க அம்மாவும் நிஜமா இருக்கணுமா, இதெல்லாம் நம்ம சனங்க உக்காந்து பேச வேண்டிய கேள்வி. அதுவும் இப்ப, பிள்ளைங்க அவங்கவங்க ரூம்ல போன்ல இருக்கிற ஏஐ-ட்ட மனசு விட்டுப் பேசிக்கிட்டிருக்கிற நேரத்துல.

உங்க பக்க நியாயமும் எனக்குத் தெரியுது. நடுவுல அந்த ராத்திரி நகரம் வர்ற பகுதி சின்ன பிள்ளைங்களுக்கு ஏத்தது இல்ல, ரோபோவ அழிக்கிற சீன்ல ரெண்டு குட்டிங்க பயந்து அழுதுச்சுங்க, அமெரிக்காவுலயே 13 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு சரிப்படாமப் போகலாம்னு பிஜி 13 சான்றிதழ்தான் குடுத்தாங்க. சின்னதுங்கள அன்னைக்கு வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லுங்க. படம் 2 மணி 26 நிமிஷம், 9 மணிக்கு மேல ஆரம்பிச்சா 11-க்கு முடியாது, 7 மணிக்கே ஆரம்பிச்சா பேசுறதுக்கும் நேரம் இருக்கும். சனிக்கிழம பாசார் மாலம் ராத்திரி சந்தை இருக்கு, ஞாயித்துக்கிழம வைங்க. முழு படமும் திரும்ப போட முடியலன்னா கடல் சீன்ல இருந்தாவது போடுங்க, ஏற்கனவே பாத்தவங்களுக்கு அது போதும். சப்டைட்டில் படிக்க முடியாத பெரியவங்களுக்கு தமிழ்ல எடுத்துச் சொல்ல நான் மைக்க புடிக்கிறேன், நாற்காலி அடுக்க தாமான் பசங்ககிட்ட பேசிட்டேன், அவனுங்களும் சரின்னுட்டானுங்க, தண்ணிக்கு அக்காங்க பாத்துக்கிறாங்க. மண்டப சாவி மட்டும்தான் உங்ககிட்ட இருக்கு. அடுத்த கூட்டத்துல இத எடுத்துப் பேசி தேதிய சொல்லுங்க, பாட்டி வீட்டுக்கு நானே போய் சொல்லிட்டு வர்றேன்.