கழுவித் துடைக்கும் படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று இரண்டு கிழமைகளுக்கு முன் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை, ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் காசு கட்டும் வரிசையில் நின்றபடி வாசித்தேன். பொறியியலுக்கு அரைப் பக்கம், கணக்கியலுக்குக் கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஆர்.பி.என். என்று இங்கே எல்லோரும் சொல்லும் தாதியர் படிப்புக்கு ஒரே ஒரு வரி. பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு முதியோர் இல்லங்களில் கழுவித் துடைக்கும் வேலைக்குப் போகலாம் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து மரக்கறிகளை எடுத்து வைத்த பிறகும் அந்த வரி என்னை விடவில்லை.

எனக்கு வயது 47. சொந்த ஊர் கரவெட்டி. கனடாவுக்கு வந்த பின், பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் பராமரிப்புப் பணியாளராக ஒரு முதியோர் இல்லத்தில் 14 வருடங்கள் வேலை செய்தேன். மகள் பல்கலைக்கழகம் போன வருடம் நானும் கல்லூரியில் சேர்ந்து, இரண்டு வருடம் படித்து, சென்ற வருடம் ஆர்.பி.என். ஆகப் பதிவு பெற்றேன். ஆகவே கழுவித் துடைக்கும் வேலையை நான் படிப்புக்கு முன்பும் செய்தேன், பின்பும் செய்கிறேன். இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத விரும்புகிறேன்.

முதலாம் தவணையில் படுக்கையில் வைத்துக் குளிப்பாட்டும் செய்முறைப் பரீட்சை வந்தது. என் வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வயது இருபதைத் தொடவில்லை. பொம்மையைத் தொடவே அவர்களுடைய கை நடுங்கியது. எனக்கோ ஒரு நாளைக்கு எட்டுப் பேரைக் குளிப்பாட்டிய பழக்கம். பரீட்சையில் கண்ணில் தொடங்கினேன். மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு வேறு மூலை. பிறகு முகம், கை, நெஞ்சு. கழுவாத பகுதியைப் போர்வையால் மூடியே வைத்திருந்தேன். கொடுத்த நேரத்துக்கு முன்பே முடித்தும் விட்டேன். ஆனால் சித்தியடையவில்லை. பரீட்சை எடுத்த ஆசிரியை பொம்மையின் இடது காலைத் தூக்கிக் காட்டினார். குதிக்காலின் அடியில் சிவப்பு மையால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருந்தார். “இந்தக் குதிக்காலை உங்கள் கை துடைத்தது, கண் பார்க்கவில்லை” என்றார்.

அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தேன். ஆனால் அந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று எனக்குப் புரிந்த நாளும் அதுதான். எழுந்து நடக்க முடியாத ஒருவருடைய உடம்பு முழுவதையும் ஒரு நாளில் ஒரு முறையாவது ஒருவர் பார்க்கிறார் என்றால் அது குளிப்பாட்டும்போதுதான். வைத்தியர் பார்க்கும் சில நிமிடங்களில் காலுறையைக் கழற்றிப் பார்ப்பது குறைவு. கழுவும்போது தோலைப் பார்க்கிறோம், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கிறோம், எந்த இடத்தில் தொட்டால் முகம் சுளிக்கிறது, மூச்சு எப்படி வாங்குகிறது, நேற்றுச் சிரித்த மனிதர் இன்று ஏன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்றெல்லாம் பார்க்கிறோம். நீரிழிவு உள்ள ஒருவரின் கால்விரல் இடுக்கில் இருக்கும் சின்ன வெடிப்பைக் கண்டுபிடிப்பது அந்த ஈரத் துணியை வைத்திருக்கும் கைதான்.

அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி, அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு என்று புத்தகத்தில் இருந்தது. அதனருகில் இருந்த படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். எங்கள் ஆட்களின் தோலில் அந்தச் சிவப்புத் தெரியாது. இதை வகுப்பில் கேட்டேன். ஆசிரியை அடுத்த பாடத்தையே அதற்காக மாற்றி வைத்தார். கருமையான தோலில் கண்ணை மட்டும் நம்பக்கூடாது, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிராகவோ இருக்கிறதா, கெட்டியாகவோ பஞ்சுபோலவோ இருக்கிறதா, பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ தெரிகிறதா, நோகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் அம்மம்மாக்களையும் தாத்தாக்களையும் இந்த ஊரின் இல்லங்களில் விட்டுவிட்டு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம் இது. அடுத்த முறை போகும்போது அவர்களுடைய குதிக்காலையும் வால் எலும்பு இருக்கும் இடத்தையும் தொட்டுப் பாருங்கள்.

மூச்சை எண்ணுவதையும் ஒரு வித்தையாகச் சொல்லித் தருகிறார்கள். எண்ணப் போகிறேன் என்று சொன்னால் மனிதர் மூச்சை மாற்றி விடுவார். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்து, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. முதியவருக்கு நியூமோனியா வந்தால் காய்ச்சல் தெரியாமலே இருக்கலாம். சில வேளைகளில் மூச்சின் வேகம்தான் முதலில் கூடும்.

இனி எழுதப்போவது எனக்கு எளிதல்ல.

நான் பி.எஸ்.டபிள்யூ. ஆக இருந்த காலத்தில் என் பகுதியில் ஒரு தமிழ் அம்மா இருந்தார். அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். காலையில் என்னைக் கண்டால் ஊர்ப்புதினம் எல்லாம் கதைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கதைக்கவில்லை. தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். கண் திறந்திருந்தது, ஆனால் நான் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை. அந்தக் கிழமை மகன் வரவில்லை, அந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் அமைதியாகப் படுத்திருந்தார். சத்தம் போட்டிருந்தால் தாதியைக் கூப்பிட்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமை இரவு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரில் தொடங்கிய கிருமித்தொற்று இரத்தத்தில் கலந்திருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

இரண்டாம் தவணையில் ஒரு நாள் கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதினார்கள்: மறதிநோய், மனச்சோர்வு, சித்தக் குழப்பம். மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வருவது. சித்தக் குழப்பம் சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் வருவது, ஒரே நாளுக்குள் கூடிக் குறைவது, கவனத்தை நிறுத்த முடியாமல் செய்வது. அதற்குப் பின்னால் பெரும்பாலும் உடம்பில் ஒரு காரணம் இருக்கும்: தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து, மலச்சிக்கல்கூட. அது சத்தமாகவும் வரலாம், அமைதியாகவும் வரலாம். அமைதியாக வருவதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று ஆசிரியை சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்ரிக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருந்தது. வெள்ளிக்கிழமையே ஏதோ மாற்றம் என்று என் மனம் கண்டிருந்தது. அதை யாரிடம், எந்தச் சொல்லில் சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது எனக்குத் தெரியும். ஒருவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், கிழமை நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்கிறேன். தமிழர் என்றால் தமிழிலேயே: சனி, வெள்ளி, வியாழன். நேற்று முழுவதும் சொன்னவர் இன்று வெள்ளியோடு நின்றுவிட்டால், உடம்புச் சூட்டையும் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் எடுத்துக் குறித்துக்கொண்டு வைத்தியரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். “அவர் சரியில்லைப் போல இருக்கிறது” என்று சொல்வதில்லை. எத்தனை மணியிலிருந்து, எது மாறியது, எந்த அளவு, எனக்கு என்ன தேவை என்று வரிசையாகச் சொல்கிறேன். இப்படிச் சொல்வதற்கும் இரண்டு வருடத்தில் திரும்பத் திரும்பப் பயிற்சி தந்தார்கள்.

மருந்துக் கணக்கைப் பற்றி ஒரு பந்தியாவது எழுதாவிட்டால் என் வகுப்புத் தோழிகள் மன்னிக்க மாட்டார்கள். இன்சுலினில் பொதுவாக ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு. புள்ளி ஒரு இடம் தள்ளினால் பத்து மடங்கு. அலகு என்பதற்கு ஆங்கிலத்தில் ‘யு’ என்ற ஒற்றை எழுத்தைப் போடக்கூடாது, அது பூச்சியம்போல் தெரிந்து 10 அலகு 100 ஆகிவிடும். 1.0 என்று எழுதக்கூடாது, வெறும் 1 போதும். புள்ளி ஐந்து என்றால் முன்னால் பூச்சியம் இல்லாமல் எழுதக்கூடாது. ஒரு குளிசையைக் கொடுப்பதற்குள் மூன்று முறை பார்க்க வேண்டும். இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் டிகொக்சின் குளிசை என்றால், முதலில் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர் ஒருவருக்கு 60 இற்குக் கீழே என்றால் கொடுக்காமல் நிறுத்தி வைத்தியரைக் கேட்க வேண்டும். ஏன் என்று தெரியாமல் எதையும் கொடுக்க விடமாட்டார்கள். மருந்து எழுதிக்கொடுத்த வைத்தியர் பிழை விட்டிருந்தாலும், அதைக் கண்டு கேள்வி கேட்க வேண்டியது எங்கள் கடமை.

வலியைக் கேட்டறிவதில் எனக்கு ஒரு தமிழ் வாய்ப்புக் கிடைத்தது. பூச்சியத்திலிருந்து பத்து வரை எத்தனை என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள். எங்கள் பெரியவர்கள் எண் சொல்ல மாட்டார்கள். “பரவாயில்லை பிள்ளை” என்பார்கள், வைத்தியசாலைக் குறிப்பில் வலி இல்லை என்று பதிவாகும். நான் எப்படிக் கேட்கிறேன் என்றால், உளைவா, குத்தா, எரிவா, கடுப்பா, விறைப்பா என்று கேட்கிறேன். உடனே பதில் வரும். காலில் எரிவும் விறைப்பும் ஊசி குத்துவதும் என்றால் அது நரம்பு வலியாக இருக்கலாம், நீரிழிவுக்காரரிடம் அதை முதலில் யோசிக்க வேண்டும். முழங்காலில் உளைவு என்றால் வேறு விடயம், வேறு மருந்து. எங்கள் மொழியில் வலிக்கு இத்தனை சொல் இருப்பதை நான் கனடாவில் ஒரு கல்லூரி வகுப்பில்தான் கணக்கெடுத்தேன். பேசவே முடியாத மறதிநோயாளருக்கு முகம், மூச்சு, முனகல், உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்துப் புள்ளியிடும் முறை தனியாக இருக்கிறது.

வகுப்பில் கேட்ட ஒரு பெயரை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஜொய்ஸ் எச்சக்குவான். கியூபெக்கில் அத்திக்கமெக் பழங்குடிப் பெண், ஏழு பிள்ளைகளின் தாய், 37 வயது. 2020 செப்டம்பர் 28 அன்று வைத்தியசாலைக் கட்டிலில் இறந்தார். அதற்குச் சற்று முன், பணியாளர்கள் தன்னை இழிவாகப் பேசியதை அவரே தொலைபேசியில் பதிவு செய்திருந்தார். வகுப்பில் அதைக் கேட்ட பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. நோயாளரைக் கூப்பிடும் முறை, தொடுவதற்கு முன் கேட்பது, கதவைத் தட்டுவது, திரையை இழுப்பது எல்லாம் மரியாதைக்காகச் செய்யும் சின்ன விடயங்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். உயிரோடு சம்பந்தப்பட்டவை என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

இனி அந்தக் கட்டுரையில் விடுபட்ட தகவல்கள். ஒன்ராறியோவில் இது இரண்டு வருட டிப்ளோமா. அல்பேர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதே தொழிலுக்கு எல்.பி.என். என்று பெயர். ஆர்.என். எனப்படும் பட்டதாரித் தாதி ஆவதற்கு ஒன்ராறியோவில் 2005 முதல் நான்கு வருடப் பட்டம் வேண்டும். இரு தரப்பாரும் படிப்பது ஒரே தாதியர் அறிவைத்தான், ஆர்.என். ஆகப் போகிறவர்கள் கூடுதல் காலம் கூடுதல் ஆழமாகப் படிக்கிறார்கள். நோயாளரின் நிலை எவ்வளவு சிக்கலானது, எவ்வளவு வேகமாக மாறக்கூடியது என்பதைப் பொறுத்தே யார் பார்ப்பது என்று தீர்மானிக்கிறார்கள். இரு தரப்பையும் பதிவு செய்வது ஒன்ராறியோ தாதியர் கல்லூரி. பெயரில் கல்லூரி இருந்தாலும் அது பாடம் நடத்தும் இடமல்ல, தொழிலைக் கண்காணிக்கும் அமைப்பு. டிப்ளோமா முடித்த பின் ரெக்ஸ்-பிஎன் என்ற பரீட்சை இருக்கிறது, 2022 ஜனவரியில் தொடங்கியது. கணினி முன் நான்கு மணி நேரம், 90 முதல் 150 வரை கேள்விகள். சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும். நான் எழுதிய அன்று கேள்விகள் கடினமாகிக்கொண்டே போக, கந்தசஷ்டிக் கவசம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் அடுத்த கல்விச் சிறப்பிதழில் இந்தப் படிப்புக்கும் அரைப் பக்கம் கொடுங்கள். கல்லூரிகள் பொதுவாகக் கேட்பது பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துடன் கணிதம், உயிரியல், வேதியியல். அவை இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்து, என்னைப்போல் வருடக்கணக்காக முதியோர் இல்லங்களில் உழைத்துக்கொண்டிருக்கும் பெண்களும் ஆண்களும் தங்கள் வாசகர்களில் நிறைய இருப்பார்கள். ஒன்ராறியோவின் அரசுக் கல்லூரிகளில் அந்தப் பாடங்களைக் கட்டணம் இல்லாமல் படித்துத் தகுதியை உயர்த்திக்கொள்ளும் வகுப்புகள் இருக்கின்றன என்பதை அந்த அரைப் பக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள். நான் அதை ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். அப்போது எனக்கு வயது 43.

இப்படிக்கு,
ஆர்.பி.என். ஒருவர்,
ஸ்காபரோ