ஜூன் 30-க்குள் 80,500 ராண்ட் வேண்டும்: டர்பன் இரவுத் தங்குமிடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

மாரியம்மன் துணை.

பெரியோர்களுக்கும், அக்கா அண்ணன்மார்களுக்கும், இதைப் போனில் படிக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். வார்விக் சந்திப்புக்குப் பக்கத்தில் வீடில்லாதவர்களுக்காக நம் கமிட்டி நடத்தும் இரவுத் தங்குமிடத்தை ஜூன் 30-க்குள் சரிசெய்யாவிட்டால், ஜூலை முதல் தேதி கதவைப் பூட்ட வேண்டியதுதான். தீப் பாதுகாப்பு பார்க்க வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: வெளியேற இரண்டாவது வழி இல்லை, கூரைத் தகடு இற்றுப்போய் மழைத் தண்ணீர் மின்கம்பி மேல் ஒழுகுகிறது, தரையில் நெருக்கிப் படுக்க வைக்கக்கூடாது. அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. 2023 ஆகஸ்டு கடைசியில் ஜோகன்னஸ்பர்க் மார்ஷல்டவுனில் ஒரு கட்டடம் எரிந்து 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிட முடியுமா? வீடில்லாதவர்கள் ஒண்டியிருந்த கட்டடம் அது. பூட்டிய கதவைத் தாண்டி வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

கணக்கு இதுதான். இரும்புத் தீக்கதவும் வெளிப்படிக்கட்டும் 38,000 ராண்ட். கூரைத் தகடு, தண்ணீர்த் தூம்பு, மின்கம்பி மாற்ற 96,000. இரட்டைக் கட்டில் 20, ஒன்று 3,200 வீதம் 64,000. சுடுதண்ணீர் கீசர் இரண்டு, பிளம்பர் கூலியோடு 24,000. மொத்தம் 2,22,000 ராண்ட். கையில் இருப்பது 1,41,500. துண்டு விழுவது 80,500. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, குறைந்ததைத்தான் எடுத்திருக்கிறோம். சந்தேகப்படுகிறவர்கள் வந்து ஃபைலைப் பார்க்கலாம், டீயும் உண்டு.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து வந்து இந்த டர்பன் துறைமுகத்தில்தான் நின்றது. இறங்கிய 342 பேரில் ஒருவருக்காவது இங்கே சொந்தக் கூரை இருந்ததா? கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளில் அடைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் ஆற்றங்கரையில் தகரம் அடித்துக்கொண்டோம். 1917-இல் உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் இருந்த குடும்பங்களை அடித்துக்கொண்டு போனபோது, நம் மீனவர்கள் ஆறு பேர், படவத்தான் அறுவர் என்று இன்றும் பெரியவர்கள் மார்தட்டிச் சொல்கிறவர்கள், வெள்ளத்துக்குள் படகை விட்டு 176 பேரைக் கரை சேர்த்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிப் பெருமைப்படத் தெரிந்த நமக்கு, அவர்கள் செய்த வேலையில் ஒரு துளி செய்யத் தெரிய வேண்டாமா? 1921-இல் ஆரிய தரும இல்லத்தை ஆரம்பித்தவர்களும் பணக்காரர்கள் இல்லை. கதியற்றவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று இறங்கிய இளைஞர்கள்தான்.

அப்புறம் 1950-இல், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் சட்டிபானையை லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த கதை யார் வீட்டில் இல்லை? 1976 வெள்ளத்தில் ஆற்றங்கரைத் தகரக் குடிசைப் பகுதியான டின் டவுன் போனது, அங்கே இருந்தவர்கள் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனார்கள். 2022 ஏப்ரல் மழையில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் படுத்தவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு. கூரை போவதற்கு ஒரு ராத்திரி போதும்.

இப்போது நம்மிடம் படுப்பவர்கள் 40 பேர். சாட்ஸ்வொர்த் பையன்கள் இருக்கிறார்கள். சுகர்ஸ் என்கிற ஹெராயின் தூளில் விழுந்து, வீட்டு டிவியை விற்று, அம்மா அழுதுகொண்டே வெளியே தள்ளியவர்கள். உம்லாசியிலிருந்து வேலை தேடி வந்த ஜூலு ஆட்கள், மலாவிக்காரர்கள், பிள்ளைகள் வீட்டை விற்றபின் போக்கிடம் இல்லாத ஒரு தாத்தா. "நம்ம ஆட்களுக்கு மட்டும் வைத்தால் இன்னும் கொடுப்பேன்" என்று சொன்ன இரண்டு மூன்று பேருக்குக் கமிட்டியின் பதில்: அப்படி ஒரு தங்குமிடம் நடத்த மாட்டோம். மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும்போது வரிசையில் நிற்பவர் யாரென்று பார்த்தா ஊற்றுகிறோம்?

படுக்கை மட்டும்தானே என்று நினைக்கிறார்கள். தெருவில் இருப்பவருக்கு முதலில் போவது பை. பையோடு அடையாள அட்டை போகிறது. அது இல்லாமல் முதியோர் உதவித்தொகை இல்லை, வேலை இல்லை. புதிய அட்டைக்கு 140 ராண்ட். நமக்கு இரண்டு பன்னி சௌ, அதாவது ரொட்டிக்குள் கறி ஊற்றியது, வாங்கும் விலை, அவருக்கு மலை. காசநோய் மாத்திரை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். ராத்திரிக்கு ராத்திரி இடம் மாறுகிறவர் அதை எங்கே வைப்பார்? அதனால்தான் நம் இடத்தில் கட்டிலுக்கு முன்பே பூட்டுப் பெட்டி வாங்கினோம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. ஒருவர் தானே திறந்து காட்டினார்: கிளினிக் அட்டை, சவரக் கத்தி, பிளாஸ்டிக் உறையில் மடித்த வெள்ளைச் சட்டை. கடைத்தெருவில் கார் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. ஞாயிறு காலை அந்தச் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் கிளம்புவார். டர்பனில் பல தங்குமிடங்களில் ராத்திரிக்கு இத்தனை ராண்ட் என்று கட்டினால்தான் படுக்கை. நாம் வாங்குவதில்லை. ஓர் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு நமக்கு ஆவது 65 ராண்ட்: பீன்ஸ் கறி, ரொட்டி, டீ, சோப்பு, கரண்ட், காவலாளி சம்பளம் எல்லாம் சேர்த்து. அதை மாதச் சந்தா ஓரளவு தாங்கிவிடுகிறது. இப்போது கேட்பது கட்டட வேலைக்கு.

இதுவரை கொடுத்தவர்களை மறக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, பிரியாணி டப்பா விற்று, ஒரே நாளில் 31,000 ராண்ட் கொண்டுவந்த மகளிர் அணி அக்காமார்களுக்குக் கோடி நன்றி. உங்கள் கைப்புண் ஆறியதா? ரமலானில் அரிசி மூட்டை அனுப்பும் கிரே தெரு முஸ்லிம் கடைக்கார ஐயாவுக்கு நன்றி. திங்கள்தோறும் வந்து முடி வெட்டிவிடும் தம்பிக்கு நன்றி. அப்பா திதிக்கு விருந்து வைக்காமல் அந்தப் பணத்தை அப்படியே அனுப்பிய ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா குடும்பத்துக்கும், உதவித்தொகையிலிருந்து மாதம் 20 ராண்ட் தவறாமல் தரும் ஆயாவுக்கும் நன்றி. ஆயாவின் ரசீதுதான் கட்டு கட்டாகச் சேர்ந்திருக்கிறது.

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தைப்பூசக் காவடி அன்று மைக்கில் கேட்டபோது பலர் கை தூக்கினார்கள். நோட்டில் எழுதிய தொகை 52,000. வந்தது 19,000. பெயர்களைப் பலகையில் ஒட்ட மாட்டோம், ஆனால் நோட்டு எங்களிடம்தான் இருக்கிறது. முருகன் சந்நிதியில் சொன்ன சொல். அது வந்தாலே பாதிக் கவலை தீரும். கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கக் கேட்டபோது ஒரே மாதத்தில் பணம் சேர்ந்தது, சந்தோஷம்தான். அதே கைகள் இதற்கு ஏன் பின்னால் போகின்றன என்று அவரவர் வீட்டில் யோசிக்கட்டும். டர்பனில் என்ன பெரிய குளிர் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு டிகிரியில், கடல்காற்றில், அட்டைப்பெட்டி விரித்துச் சிமெண்டில் படுப்பவரிடம் போய்ச் சொல்லட்டும்.

ஒரு கட்டிலை ஒரு குடும்பம் ஏற்கலாம், 3,200 ராண்ட். இரண்டு மூன்று வீடு சேர்ந்தும் ஏற்கலாம். முடியாதவர்கள் ஒரு ராத்திரிக்கு 65 கொடுங்கள். ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் கோயில் ஆபீசில் பொருளாளர் இருப்பார். வங்கி விவரம் அங்கே பலகையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் கணக்கு எண்ணை நம்பிப் பணம் போடாதீர்கள். வரிக்கழிவுக்கு 18ஏ ரசீது தருவோம்.

பழைய கம்பளி இப்போதைக்கு வேண்டாம், நிறைய வந்துவிட்டது. வெல்டிங், கூரை வேலை தெரிந்தவர்கள் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வந்தால் கூலிச் செலவு குறையும். வெல்டிங் செய்ய வருகிறவர்கள் முகக்கவசத்தைக் கையோடு கொண்டுவரவும், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

தங்குமிடக் கமிட்டி, டர்பன்