ஜெர்மனியின் வோல்ஃபெனிலிருந்து அம்மா

அன்புள்ள மகளுக்கு,

சின்னவனுக்கு இருமல் நின்றதா? போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "நன்றாக இருக்கிறான்" என்று வைத்துவிடுகிறார். ராத்திரி இருமுகிறானா என்று அவரிடம் என்ன கேட்பது? கழுத்தை மூடிப் படுக்க வை. வெந்நீர் கொடு.

அவனை இந்த ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்று ஈஸ்டர் அன்று சமையலறையில் நீ சொன்னதை நான் கிளறவில்லை. ஆனால் நீ இருமி இருமி வளர்ந்த ஊர் இப்போது இல்லை. அப்போது காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு கரி. இன்று வெள்ளை விரிப்புகளைத் தோட்டத்தில்தான் காயப்போடுகிறேன். நிலக்கரி தோண்டிய கோய்ட்ஷே குழி ஏரியாகிவிட்டது. 2002 வெள்ளத்தில் முல்டே ஆறு அதற்குள் பாய்ந்ததை நீயும் பார்த்தாயே. கோடையில் பிள்ளைகள் அதில் நீந்துகிறார்கள். உன்னிடம் மறைக்க மாட்டேன்: ரசாயன ஆலைகள் கெடுத்த நிலத்தடி நீரை இன்னும் இறைத்துச் சுத்தம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் செடிக்குக்கூடக் குழாய்த் தண்ணீர்தான். கழிவைக் கொட்டிய வெள்ளி ஏரிப் பக்கம் அவனைக் கூட்டிப்போகவே மாட்டேன்.

ஸ்டட்கார்ட்டில் யாராவது ஊரைக் கேட்டால் "லைப்சிக் பக்கம்" என்கிறாயாமே. 1936-இல் அக்ஃபாகலர் என்ற வண்ண ஃபிலிமைச் செய்த ஊர் இது, மகளே. அந்த ஃபிலிம் ஆலையில்தான் நான் இருட்டில் நின்றேன். ஓரத்தைத் தொட்டதும் எது மருந்து பூசிய பக்கம் என்று விரல் நுனி சொல்லிவிடும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் நீ இன்று பொறியாளர். அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆலையின் அலுவலகக் கட்டடம் இப்போது நகராட்சி. போன மாதம் அடையாள அட்டைக்காக அங்கே வரிசையில் நின்றேன்.

ஏன் இங்கேயே கிடந்தீர்கள் என்றாய். எங்கே போவது? 1968-இல் பக்கத்து பிட்டர்ஃபெல்ட் ரசாயன ஆலையில் பி.வி.சி. பிளாஸ்டிக் பிரிவு வெடித்து 42 பேர் இறந்தார்கள். தாத்தா அடுத்த வாரமே ஷிஃப்டுக்குப் போனார். வீடும் வேலையும் இங்கேதான் இருந்தன. உனக்கு நெஞ்சு கட்டிய இரவுகளில் நான் உட்கார்ந்தே விடியவைத்தேன். அது உனக்கு நினைவிருக்காது, குழந்தை நீ.

கோடை விடுமுறைக்கு அவனை அனுப்பு. பத்து நாள் போதும். தனியாக ரயிலேற்ற வேண்டாம், நானே வந்து கூட்டிவருகிறேன். இன்ஹேலரை அவன் பையில் போடாதே, என் கையில் கொடு. கழுத்தை மூடிப் படுக்க வை. டாக்டர் என்ன சொன்னார் என்பதை மாப்பிள்ளை சொல்ல வேண்டாம், நீயே எழுது.

அம்மா