செல்லூரிலிருந்து ஒரு கொசுக் கணக்கு

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடிபோனதில் சந்தோஷம். போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். இங்கே செல்லூரில் தண்ணீர் வந்தாலே போதும், மாப்ளே.

சின்னவள் எம்.எஸ்சி. கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு டெங்குக் கொசுவை எடுத்திருக்கிறாள். வலையும் குடுவையுமாகத் திரிவாள் என்று பார்த்தால், லேப்டாப்பை விட்டு எழுந்திருப்பதே இல்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என ஒவ்வொரு பருவமும் எத்தனை நாள், அதில் எத்தனை சாகும் என்று எண்களைக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டருக்குள் ஒரு தெருவின் கொசு வாழ்க்கையே ஓடுகிறது. கொசுவைப் பார்த்தேயிராத மெஷின் அதைப் பற்றி என்ன சொல்லிவிடும் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன்.

நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே டெங்குவைப் பரப்பிவிடாதாம். வைரஸ் அதன் உடம்பில் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சுமார் 10 நாள் ஆகும். அதுவரை பிழைத்திருக்கும் கொசுதான் ஆபத்து. தினமும் 100க்கு 90 பிழைத்தால் பத்தாம் நாள் 35 மிஞ்சும். 80 பிழைத்தால் வெறும் 11! வட்டிக்கு வட்டி போல, தினசரி இழப்பு சேர்ந்து சேர்ந்து இப்படி ஆகிவிடுகிறது. புழுவைப் பாதியாக்கினால் கொசு பாதியாகும், அவ்வளவுதான். வளர்ந்த கொசுவின் ஆயுளில் கை வைத்தால் அடி பலமாக விழும். 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்டு என்ற ஆய்வாளர் மலேரியாவுக்குச் சொன்னதும் இதுதான். அவருக்கும் முன்னால் 1911லேயே ரொனால்டு ராஸ், கொசு முழுவதையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே இறக்கினாலே மலேரியா தானாக அடங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த அதே ராஸ்தான்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். முதலில் அவளுடைய கம்ப்யூட்டர் தெருவில் கோடை வந்ததும் கொசு அடியோடு அழிந்துபோனது. நம் ஊரில் அப்படியா நடக்கிறது? ஏடிஸ் என்கிற இந்த டெங்குக் கொசுவின் முட்டை, தண்ணீர் ட்ரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். அதைச் சேர்த்த பிறகுதான் கணக்கு ஊரோடு ஒத்துப்போனது. தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவு என்று சொல்வது இதற்காகத்தான். எந்தத் தேதியில் காய்ச்சல் வரும் என்று இந்தத் தெரு ஜோசியம் சொன்னால் நான் நம்ப மாட்டேன். எதைத் தொட்டால் எது அசையும் என்று சொன்னால் நம்புவேன்.

இப்போது மழை அளவோடு குழாய்த் தண்ணீர் வரும் நாட்களையும் சேர்க்கிறாள். தண்ணீர் வராத நாளுக்காகத்தானே எல்லா வீட்டிலும் ட்ரம் நிற்கிறது! உங்கள் ஏரியாவில் எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள்? கேட்டு எழுதச் சொன்னாள். சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு.

அன்புடன்,
பாண்டி